அக்டோபர் அட்டெம்ப்ட்

செப்டம்பர் 9, செவ்வாய்

இந்த டைரி ஆறு வருஷம் பழசு. சிமெண்ட் கடை வைத்திருக்கிற பழைய மாணவன் கொடுத்தது, பீரோவில் கிடந்தது. அச்சடித்த கிழமை எதுவும் பொருந்தாது. அடித்துவிட்டு நானே போட்டுக்கிறேன். டைரி எழுதுற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனா பரீட்சைன்னு ஒண்ணு வந்துட்டா, ஒவ்வொரு நாளும் என்ன நடத்தினோம்னு குறித்து வைக்கணும். முப்பது வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

கோவில்பட்டியில் ஆவுடையப்பன் டுடோரியல்னா தெரியாத ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு, வீட்டில் அடி வாங்கி, கண்ணும் மூக்கும் சிவந்து வர்ற பிள்ளைகளை அக்டோபர் அட்டெம்ப்டில் கரையேற்றிவிட்டவன் நான். மூடிப் பதினோரு வருஷம் ஆச்சு. போர்டு மட்டும் வீட்டு வாசலில் இன்னும் தொங்குது. அந்த போர்டுக்குக் கீழேயே இன்னைக்கு ஒரு ஃபெயில்.

கல்யாண மண்டபத்தில் முதியோருக்கு இலவச முகாம். சர்க்கரை, பிரஷர் பார்க்கத்தான் நானும் என் வீட்டுக்காரி செண்பகமும் போனோம். கடைசி மேஜையில் ஒரு பெண், ஞாபகசக்தி பரிசோதனைன்னு உட்காரச் சொன்னாள். முப்பது மார்க். எனக்கு இருபத்தொன்பது. வரைந்த ஐங்கோணத்தில் ஒரு மூலை மூடலையாம். மறுமதிப்பீடு கேட்டேன், சிரித்தாள். இருபத்து நாலுக்குக் கீழே போனால் டாக்டரைப் பார்க்கணும் என்றாள்.

செண்பகம் பதினேழு.

என்ன மாசம் என்றால் தை என்கிறாள். மூணு வார்த்தை சொல்லி, அஞ்சு நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கிறாள். நூறில் ஏழைக் கழித்துக்கொண்டே வரணும். தொண்ணூத்து மூணு சொல்லிவிட்டு, "மீதிய நீங்க சொல்லுங்க"ன்னு என்னைப் பார்க்கிறாள். பரீட்சை ஹாலில் இப்படியா? மண்டபத்தில் மைக் சத்தம் வேறே. யாருக்குத்தான் மண்டை ஓடும்?

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் மெர்லின். அக்டோபர் 16. அக்டோபர்! இதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது.

செப்டம்பர் 10, புதன்

முகாமில் இருந்த பெண் எங்க மகள் வடிவோட நம்பரையும் வாங்கி வைத்திருந்திருக்கிறாள். காலையிலேயே கோயம்புத்தூரிலிருந்து மகள் ஃபோன். "அப்பா, நான் தீபாவளிக்கு வந்தப்பவே சொன்னேன், அம்மா ஒரு மாதிரி இருக்கான்னு. அந்த டாக்டரும் அதையே சொன்னாங்கன்னா நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. வீட்டப் பூட்டிரலாம்" என்றாள்.

பூட்டிரலாமாம். பெட்டியைப் பூட்டுற மாதிரி அவ்வளவு லேசாகச் சொல்கிறாள். நான் கட்டின வீடு. எனக்குத் தெரிந்த தெரு. பதினாறாம் தேதி இவள் இருபத்தஞ்சு எடுத்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

வினாத்தாளை நேற்று நான் பார்த்தாச்சு. என் முன்னால் வாய்விட்டு ஒரு தடவை படித்தால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வேன். உட்கார்ந்து எழுதிவிட்டேன். தேதி, கிழமை, மாசம், வருஷம். இது எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி. மூணு வார்த்தை: சாவி, வாழைப்பழம், ரயில். நூறிலிருந்து ஏழு ஏழாக. காகிதத்தை மடித்துத் தரையில் வைக்கணும். படத்தைப் பார்த்து வரையணும். சொந்தமாக ஒரு முழு வாக்கியம் எழுதணும். அவ்வளவுதான். எட்டாங்கிளாஸ் படித்தவளுக்கு இது என்ன பிரமாதம்? முகாமுக்கு ஃபோன் போட்டு, "அங்கயும் இதே தாள்தானாம்மா?" என்றேன். "ஆமா சார், இதேதான்" என்றாள் அந்தப் பெண். வெள்ளந்தி.

செப்டம்பர் 12, வெள்ளி

காப்பியில் உப்பு. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே நிறத்தில் வாங்கினது என் தப்பு.

செப்டம்பர் 15, திங்கள்

மொட்டை மாடியில் நடக்க வைத்துச் சொல்லித் தருகிறேன். ஓர் அடி வைத்தால் ஓர் எண். தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்து ரெண்டு, அறுபத்தஞ்சு. நாலு நாளில் பிடித்துக்கொண்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சோதனைக்காக, "அம்பதில் ஏழு போனா?" என்றேன். "தொண்ணூத்து மூணு" என்றாள்.

அது சிலபஸில் இல்லை. விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. விடையை நான் வாய்திறந்து சொல்ல மாட்டேன். அவனவன் யோசிக்கணும். சொல்லிக் கொடுத்த விடை தங்காது.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி மறுபடி ஞாயிறு. அஞ்சாறு தடவை கேட்டிருப்பாள். நானும் அஞ்சாறு தடவை "யோசி" என்றேன். அப்புறம் கேட்கவில்லை. விரலை மட்டும் மடக்கிக்கொண்டே இருந்தாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைத்தது. குழம்பு நான்தான் வைத்தேன். ஆடியிலிருந்தே நான்தான் வைக்கிறேன், அவளுக்கு முழங்கால் வலி, அடுப்படியில் நிற்க முடியலை.

செப்டம்பர் 24, புதன்

பரீட்சைக்கு முன்னால் ஹாலைப் பார்த்துவிட்டு வரணும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன், பயம் தெளியும். இன்னைக்கு நான் மட்டும் திருநெல்வேலி பஸ் பிடித்தேன். டாக்டர் மெர்லின் அறை மூணாவது மாடி. லிஃப்டிலிருந்து இறங்கி இடது பக்கம், வெளியே நீல நிற நாற்காலிகள். எல்லாத்தையும் குறித்துக்கொண்டேன். வாட்ச்மேன், "யாரப் பாக்கணும் பெரியவரே?" என்றான். "யாரையும் இல்ல, மாடியைப் பார்க்க வந்தேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தான்.

பக்கத்து வீட்டுத் தெய்வானையைச் செண்பகத்துக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டுப் போனேன். சும்மாதான். பேச்சுத் துணைக்கு.

வந்ததும் பாடம் எடுத்தேன்.

"இது எந்த ஊர்?"

"திருநெல்வேலி."

"எந்தக் கட்டடம்?"

"ஆஸ்பத்திரி."

"எத்தனாவது மாடி?"

"மூணாவது மாடி."

எங்க வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு, என்ன தெளிவாகச் சொல்கிறாள் தெரியுமா! தெய்வானை ஒரு மாதிரி பார்த்தாள். இன்னைக்கு எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. கேள்வி எழுதின நோட்டைச் சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் அடுக்கினேன். இன்னைக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது.

"இன்னைக்குப் பாடம் கிடையாதே?" என்றாள். கிடையாது என்றேன். முகம் அப்படியே பூத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து, "இன்னைக்குப் பாடம் கிடையாதே?" சுண்டல் தாளிக்கிறேன், பின்னாலேயே வந்து நின்று மறுபடியும். ஒவ்வொரு தடவையும் புதுசாக சந்தோஷப்பட்டாள். தாளிப்பைக் கருக விட்டுவிட்டேன். அடுப்புத் தீ அதிகம் போல.

அக்டோபர் 5, ஞாயிறு

மாதிரித் தேர்வு. இருபத்து ரெண்டு. வாக்கியம் எழுதச் சொன்னால் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். "மனசில் என்ன வருதோ எழுது" என்றால், "நெறைய வருது, எத எழுத?" என்கிறாள். அதெல்லாம் ஆபத்து. நானே ஒண்ணு கொடுத்தேன். 'இன்று நல்ல நாள்.' இம்போசிஷன் மாதிரி ஐம்பது தடவை எழுத வைத்தேன். எழுதிக்கொண்டே இருந்தவள் நிமிர்ந்து கேட்டாள்.

"ஏங்க, அந்த டாக்டரம்மாட்ட உள்ளதச் சொல்லிட்டா என்ன?"

"என்ன உள்ளது?"

"எனக்கு முடியலன்னு."

"முடியலன்னு யார் சொன்னா? ஒழுங்கா எழுது."

எழுதினாள். கையெழுத்து இன்னும் குண்டு குண்டாக, அழகு.

அக்டோபர் 12, ஞாயிறு

மாதிரித் தேர்வு இருபத்தாறு! தேதியும் கிழமையும்தான் உதைக்குது. அது தினம் மாறுகிறது, மனப்பாடம் பண்ண வழியில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பாஸ். முப்பதுக்கு இருபத்தேழு.

டாக்டர் மெர்லினுக்கு நாற்பது வயசு இருக்கும். மெதுவாகப் பேசுகிற அம்மா. அவங்களே கேள்வி கேட்டாங்க. செண்பகத்துக்கு ரொம்ப வியர்த்தது, கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத் துடைத்துவிட்டு, தேதி சொன்னாள், கிழமை சொன்னாள். ஊர், மாடி, டாண் டாண்னு. சாவி, வாழைப்பழம், ரயில். எண்களை ஒரே மூச்சில், காலைத் தரையில் தட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அவள் காலையே பார்த்தாங்க. வாக்கியம்: இன்று நல்ல நாள்.

"வீட்டுல எப்படி சார் இருக்காங்க? சமையல், குளியல் எல்லாம் அவங்களே பண்ணுதாங்களா?"

"எல்லாம் அவதான்" என்றேன்.

"ஏதாவது மறதி, வழி தெரியாமப் போறது?"

"வயசுக்குள்ள மறதி எனக்கும்தான் இருக்கு."

"சரி சார். இப்போதைக்கு மருந்து ஒண்ணும் வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு வாங்க. நடுவுல வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே வாங்க."

ஹோட்டலில் நெய்ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் சாப்பிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "இனிமே கேக்க மாட்டீங்கல்லா?" என்றாள். "மாட்டேன்" என்றேன். வடிவுக்கு ஃபோன் போட்டேன். அவள் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

எனக்கும் சந்தோஷம்தான். ஏனோ வீட்டில் உட்கார முடியலை. பஜார் வரை ரெண்டு தடவை போய்ப் போய் வந்தேன், ஒண்ணும் வாங்கலை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வடிவு குடும்பத்தோடு வந்திருந்தாள். ரிப்போர்ட்டை ரிசல்ட் ஷீட் மாதிரி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். செண்பகம் பேத்தியை "வடிவு, தலைக்கு ஊத்தலியா?" என்று கூப்பிட்டாள். பெயர் மாற்றிக் கூப்பிடாத ஆச்சி உண்டா உலகத்தில்? மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி யாரு?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாள். மீசையை எடுத்திருந்தார் அவர். வடிவு என்னைப் பார்த்தாள். நான் காலண்டர் பக்கம் கையைக் காட்டினேன்.

அக்டோபர் 29, புதன்

தெய்வானை அதிரசம் கொண்டுவந்து கொடுத்தாள். "போன வருசம் நாம ரெண்டு பேரும் திருச்செந்தூர் போனமே, ஞாபகம் இருக்காக்கா?" என்றாள்.

செண்பகம் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "சாவி. வாழைப்பழம். ரயில்."

"விளையாடுதா" என்று நான் சிரித்தேன். தெய்வானை சிரிக்கலை. செண்பகமும் சிரிக்கலை, சரியாகச் சொன்னேனா என்று என் முகத்தையே பார்த்தாள்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று எழுத முடியலை.  இன்னைக்கு உள்ளது உள்ளபடி எழுதணும்.

நேற்று ரேஷன் கடையில் பருப்பு போடுகிறார்கள் என்று போனேன். கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவேன். இதை இதுவரை எழுதலை. போன சித்திரையிலிருந்தே அப்படித்தான். நேற்று எப்படியோ மறந்துவிட்டேன். நான் மறந்துவிட்டேன்! திரும்பி வந்தபோது பதினொண்ணரை. கதவு திறந்து கிடந்தது. சாமி அறையில் விளக்கு எரியுது, அவள் இல்லை.

தெய்வானை வீடு, செண்பகவல்லி அம்மன் கோயில், மார்க்கெட், ரயில் நிலையம். செருப்பு அறுந்து வெறுங்காலோடு ஓடினேன். என்னிடம் படித்த முத்துக்கருப்பன் ஆட்டோவை நிறுத்தி ஏற்றிக்கொண்டான். நாலாவது அட்டெம்ப்டில் பாஸான பயல். "அழாதீங்க சார், பாத்துருவோம்" என்றான். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்றே எனக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்கார அம்மா அடையாளம் சொன்னாள். "மஞ்சள் சேலை கட்டின ஆச்சிதானே? திகைச்சுப் போயி நின்னாவ. எந்த ஊரும்மா, எங்க போணும்னு கேட்டேன். திருநெல்வேலி, ஆஸ்பத்திரி, மூணாவது மாடின்னு பளிச்சுன்னு சொன்னாவ. ஆசுபத்திரிக்குப் போற அவசரம் போலன்னு நாந்தான் திருநெல்வேலி பஸ்ஸுல ஏத்தி, கண்டக்டர்ட்ட சொல்லிவிட்டேன்."

நல்லது பண்ணின முகத்தோடு சொன்னாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ரெண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். கண்டக்டர் அங்கே ஓர் ஆட்டோவில் ஏற்றிவிட, ஆட்டோக்காரர் மூணாவது மாடி வரை கைபிடித்துக் கூட்டிவந்து விட்டிருக்கிறார். முத்துக்கருப்பன் ஆட்டோவிலேயே போனோம். நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கையை வைத்து, அடுத்து யார் கேள்வி கேட்கப் போகிறார்களோ என்று காத்திருக்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும், "திருநெல்வேலி" என்றாள்.

டாக்டர் மெர்லின் என்னை உள்ளே கூப்பிட்டாங்க. "வழியில ஒருத்தருக்கும் சந்தேகம் வரல சார். அவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்காங்க. நானே நம்பிட்டேன், செக்கப்புக்குத் தனியா வந்திருக்காங்கன்னு. அப்புறம் பேர் கேட்டேன். சாவி, வாழைப்பழம், ரயில்னு சொன்னாங்க."

நான் எழுந்து நின்றேன். முப்பது வருஷம் சூப்பர்வைசர் முன்னால் தலைகுனிந்து நின்ற பயல்களைப் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே ரெண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

"காப்பியடிச்சுத்தான் பாஸ் பண்ணினோம், டாக்டர். வினாத்தாளை முன்னாலேயே எடுத்துட்டேன். ஒரு மாசம் உருப்போட வச்சேன். கைக்குட்டையில தேதியும் கிழமையும் எழுதி வச்சிருந்தேன். பிட்டு. அவ மேல தப்பு இல்ல. அவ உங்ககிட்ட சொல்லிரலாம்னு சொன்னா. நாந்தான் விடல."

திட்டுவாங்க என்று பார்த்தேன். திட்டலை. செண்பகத்தின் ஃபைலை எடுத்துப் பிரித்தாங்க.

"சமையல் எத்தன நாளா நீங்க பண்ணுதீங்க சார்?"

"ஆடியிலேர்ந்து."

"இந்த ஆடியா?"

"போன வருஷ ஆடி."

எழுதிக்கொண்டாங்க. "இது பாஸ் ஃபெயில் பாக்குற பரீட்சை இல்ல சார். காய்ச்சல் பாக்க வைக்கிற தெர்மாமீட்டர யாராவது ஐஸ் தண்ணியில முக்குவாங்களா? தைராய்டு குறைஞ்சாலோ, வைட்டமின் குறைஞ்சாலோ கூட இப்படி வரலாம். அதெல்லாம் சரிபண்ணிரலாம். அது இல்லன்னாலும் சீக்கிரம் தெரிஞ்சா செய்யறதுக்கு எவ்வளவோ இருக்கு. இதையெல்லாம் போன மாசமே பாத்திருக்கணும்." ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தாங்க. அடுத்த வியாழன் மறுபடி வரணும், வேறே தாள். "தயவுசெஞ்சு படிச்சுட்டு வராதீங்க" என்றாங்க. 

நவம்பர் 8, சனி

வடிவிடம் சொல்லிவிட்டேன். சத்தம் போடலை. "அப்பா, இருபத்தேழுன்னு நீங்க சொன்ன அன்னைக்கு நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன்ப்பா" என்றாள், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

காலண்டர் பக்கத்தில் ஒட்டின காகிதத்தைப் பிய்த்தேன். சுவரில் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது.

நவம்பர் 10, திங்கள்

"செண்பகம், நாம எந்த ஊரு?"

"திருநெல்வேலி."

"கோவில்பட்டி. சொல்லு, கோவில்பட்டி."

"கோவில்பட்டி."

"எந்த ஊரு?"

"திருநெல்வேலி."

கூடப்பிறந்த தங்கச்சி பெயர் போய்விட்டது. சோறு தின்றோமா இல்லையா என்பது போய்விட்டது. நான் குத்திக் குத்தி ஏற்றினது மட்டும் அப்படியே நிற்குது. பாடம் நடத்த எனக்குத் தெரியும். நடத்தின பாடத்தை எப்படி எடுக்கிறது? எந்த டுடோரியலில் சொல்லித் தருகிறார்கள் அதை? எனக்கு என் மேலேயே வெறுப்பாக வருது. சாயங்காலம் அந்த நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஐம்பது 'இன்று நல்ல நாள்' எரிகிறவரை பக்கத்தில் நின்றேன். அவளும் வந்து நின்று, "குளிருக்கு இதமா இருக்குல்லா?" என்றாள்.

நவம்பர் 13, வியாழன்

என்னைப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாங்க. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. கையில் கைக்குட்டை இல்லை. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டினது.

தேதி தெரியலை. மாசம், தை என்றாள். ஊரும் மாடியும் சரி, ஆனா டாக்டரம்மா அதற்கு மார்க் போடலை. வார்த்தை மூணும் புதுசு, ஒண்ணுகூட வரலை. இருபதிலிருந்து மூணு மூணாகக் கழிக்கச் சொன்னால், கால் தானாகத் தட்டினது, "தொண்ணூத்து மூணு" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பிப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். பாதியில் என்ன நினைத்தாளோ, திரும்பலை.

 ஒவ்வொரு தப்புக்கும் விடை என் வாய் வரைக்கும் வந்தது. வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசிக் கேள்விம்மா. இந்தக் காகிதத்துல ஒரு வாக்கியம் எழுதுங்க. நீங்களா, என்ன தோணுதோ அது."

போச்சு, 'இன்று நல்ல நாள்' வரப்போகுது என்று நினைத்தேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அவசரப்படுத்தலை. அப்புறம் குனிந்து எழுதினாள். மெதுவாக, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி நிறுத்தி. புள்ளியும் வைத்தாள்.

பதினொண்ணு. முப்பதுக்குப் பதினொண்ணு.

ரத்தம், ஸ்கேன் எல்லாம் வந்துவிட்டது. தைராய்டு, வைட்டமின் கோளாறு எதுவும் இல்லை. டாக்டரம்மா அந்த நோயின் பெயரைச் சொன்னாங்க. சரியாகாது, ஆனா மாத்திரையால் கொஞ்ச காலம் தாமதப்படுத்தலாம். வீட்டில் என்ன மாற்றணும், எப்படிப் பேசணும் என்று ஒவ்வொண்ணாகச் சொன்னாங்க. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கும்போது, "சார், இத நீங்க பாக்கணும்" என்று அந்தக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாங்க. "இந்தக் கேள்விக்கு முழு மார்க்."

குண்டு குண்டாக, அவள் கையெழுத்து.

'எங்கள் வீட்டுக்காரர் ரொம்பப் பயப்படுகிறார்.'

நான் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். லிஃப்டில் இறங்கும்போது ஒருத்தரும் இல்லை. செண்பகம் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஏன் அழுகிறேன் என்று கேட்கலை. தெரியுமோ தெரியாதோ.

நவம்பர் 14, வெள்ளி

காலையில் மாத்திரை கொடுத்தாச்சு. அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த உப்பு டப்பாவைப் பரண்மேல் வைத்தேன். முத்துக்கருப்பன் வந்து வாசல் கதவுக்கு மணி கட்டிவிட்டுப் போனான், கதவு திறந்தால் சத்தம் கேட்கும். இனிமேல் வெளியே பூட்டக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. வடிவு ஞாயிறு வருகிறாள். என்ன செய்யணும் என்று மூணு பேரும் உட்கார்ந்து பேசணும். கோயம்புத்தூர்தான் என்றால் கோயம்புத்தூர். போர்டைக் கழற்ற ஏணி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

கைக்குட்டையில் மறுபடி ஒரு சீட்டு வைத்து, அவள் இடுப்பில் செருகிவிட்டேன். அவள் பெயர், என் பெயர், கோவில்பட்டி, தெரு, என் ஃபோன் நம்பர். இந்தப் பிட்டை யார் வேணும்னாலும் பிடிக்கட்டும்.

மத்தியானம் ரெண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்தோம். அவள் கை அதை மறக்கலை. என்னைவிட வேகமாக எடுக்கிறாள்.

"இன்னைக்கு என்ன கிழமைங்க?" என்றாள். விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"வெள்ளி" என்றேன்.

மடக்கின விரலை விட்டுவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். காய் முடிவதற்குள் ஏழு தடவை கேட்டாள். ஏழு தடவையும் சொன்னேன்.